லாடம் அடிக்காத பூட்ஸ்

ஜம்மு முகாம்
3 நவம்பர் 1996

அன்புள்ள தனமாயாவுக்கு,

இங்கு நான் நலம். அங்கு நீயும் ரஞ்சுவும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டுமென்று தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன். தசைன் பண்டிகைக்கு விடுப்பு கிடைக்கவில்லை என்ற கோபம் உனக்கு இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. போன கடிதத்தில் மொத்தம் நாலு வரி, அதிலும் பாதி எருமையைப் பற்றி.

ஒரு காரியம் நீ செய்ய வேண்டும். எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கி அனுப்பு. பட்டாளத்தில் கொடுக்கும் பூட்ஸ் முன்பக்கம் குறுகலாக இருக்கிறது. நம் மலைக்காரர்களின் அகலப் பாதத்துக்கு அது ஆகாது, சுண்டுவிரல் நகம் மறுபடி போய்விட்டது. காளிம்போங் கடைத்தெருவில்தான் அகலக் கால் பூட்ஸ் கிடைக்கும். கறுப்பாக, முழு மாட்டுத்தோலாக, கணுக்காலுக்கு மேலே ஏறுவதாகப் பார். தோலை மடித்துப் பார்த்தால் மெல்லிய சுருக்கம் விழ வேண்டும். வெடிப்பு விழுந்தால் அது வெறும் பூச்சு, திருப்பிக் கொடுத்துவிடு. கையை உள்ளே விட்டுக் குதிகாலில் தையல் தட்டுகிறதா என்று தடவிப் பார். அடி தடித்த தோலடியாக இருக்கட்டும், ஒட்டினதாக இல்லாமல் தைத்ததாக. ரப்பர் வேண்டாம், குதிகாலில் இரும்பு லாடம் அடித்தால் ஆணி பிடிக்காது. பாதத்தைத் தாளில் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். சாயங்காலம் கால் வீங்கியிருக்கும்போது வரைந்தது, அதுதான் சரியான அளவு.

மோட்டார் ஸ்டாண்ட் பக்கத்து மார்வாடி கடையில் வாங்கு. பழைய பட்டாளத்துக்காரர் பூர்ண அண்ணன் கடைக்குப் போகாதே, மனுஷர் பேசியே உன் பொழுதைத் தின்றுவிடுவார். ஜனவரியில் விடுப்பு முடிந்து முகாமுக்குத் திரும்பும் நம் ஊர்ச் சிப்பாய் துர்காவிடம் கொடுத்துவிட்டால் போதும்.

உன்
ஹர்கமான்


பேடோங்
21 நவம்பர் 1996

ரஞ்சுவின் அப்பாவுக்கு,

நமஸ்காரம். எருமை நலம். அதைப் பற்றி எழுதினால் கோபித்துக்கொள்கிறீர்கள், ஆனால் இந்த வீட்டில் ஒழுங்காகப் பதில் சொல்வது அது ஒன்றுதான்.

அப்பாவுக்கு வாதம் வந்த வலது பக்கம் அப்படியேதான் இருக்கிறது. கஞ்சி இறங்குகிறது, பேச்சு இல்லை. ரஞ்சு கணக்கில் முட்டை வாங்கிவிட்டு ஆசிரியருக்குக் கண் சரியில்லை என்கிறாள். அப்படியே உங்கள் வாய்.

ஒரு செய்தி, நல்ல செய்தி. சிலிகுரி ஆஸ்பத்திரியில் நர்ஸ் உதவியாளர் பயிற்சிக்கு என்னை எடுத்துக்கொண்டார்கள். பிப்ரவரியில் சேர வேண்டும், ஒரு வருஷம் விடுதியிலேயே தங்க வேண்டும். அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிவிடும், பிறகு கேட்டாலும் கிடைக்காது. ஜனவரிக் கடைசியில் பட்டாளத்தை முடித்துக்கொண்டு வந்துவிடுவேன், அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று போன விடுப்பில் அடுப்படியில் உட்கார்ந்து நீங்கள் சொன்னீர்கள். அதை நம்பித்தான் பெயர் கொடுத்தேன். சொன்னது சொன்னதுதானே?

மார்வாடி கடைக்குப் போனேன். நீங்கள் வரைந்த பாதத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பையன், "அக்கா, இது காலா, முறமா?" என்று கேட்டான். அந்த அகலம் அவர்களிடம் இல்லை. அடுத்த சந்தைக்குப் போகும்போது பூர்ண அண்ணனிடம் கேட்கிறேன். பேசட்டும், எனக்கும் யாராவது பேசிக் கேட்டு நாளாயிற்று.

தனமாயா


ஜம்மு முகாம்
5 டிசம்பர் 1996

அன்புள்ள தனமாயாவுக்கு,

பூர்ண அண்ணனிடம் போக வேண்டாம் என்று எழுதியிருந்தேனே. மார்வாடியிடம் சொல்லி வைத்தால் சிலிகுரியிலிருந்து வரவழைத்துக் கொடுப்பார். தோலடி என்பதை மறந்துவிடாதே. குதிகாலில் லாடம் அடிக்க இடம் வேண்டும்.

இங்கே மூடுபனி. பயிற்சி விஷயம் சந்தோஷம். ஆனால் ஆஸ்பத்திரி எங்கே ஓடிவிடப் போகிறது? எல்லாவற்றையும் நேரில் பேசிக்கொள்ளலாம். அப்பாவுக்குக் கம்பளி போதுமா?

உன்
ஹர்கமான்


பேடோங்
16 டிசம்பர் 1996

ரஞ்சுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே பூர்ண அண்ணன் கடைக்குப் போய் வந்துவிட்டேன். அங்கே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன அடையாளத்தை எல்லாம் ஒப்பித்தேன். தோலடி, தைத்தது, லாடத்துக்கு இடம். அவர் கேட்டுக்கொண்டே தேநீர் ஊற்றினார்.

"தங்கச்சி, இத மாட்டிக்கிட்டு உன் வீட்டுக்காரன் எங்க நிக்கப் போறான்?"

"எல்லையிலதான் அண்ணா. வேற எங்க?"

"எல்லையில லாடம் அடிச்ச பூட்ஸா? ரோந்து போறவன் கால்ல மணி கட்டிக்கிட்டுப் போவானா? அங்க எல்லாம் ரப்பர் அடிதான். இது மைதானத்துல தரைய உதைச்சு சத்தம் காட்டுறதுக்கு. வீட்டுக்கு வர்ற வருஷத்துல எவனும் இத வாங்க மாட்டான். நாயக்னு பதவி உயர்வுப் பட்டை வாங்க வகுப்புல சேரப் போறவன்தான் வாங்குவான். நானும் அப்படித்தான் வாங்கினேன்."

"பட்டை கெடச்சா?"

"கெடச்சா இன்னும் ஏழு வருஷம் ஆளு பட்டாளத்துக்குச் சொந்தம். ஏன், உங்கிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னார், நான்தான் மறந்துவிட்டேன் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார். நல்ல மனுஷர்.

இரண்டு ஜோடி எடுத்து வைத்திருக்கிறார். ஒன்று நீங்கள் கேட்டது. இன்னொன்று அதே தோல், அதே அகலம், ஆனால் கணுக்காலில் மெத்தை வைத்தது, ரப்பர் அடி. எதை வாங்க? பூட்ஸைப் பற்றி மட்டும் நான் கேட்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

தனமாயா


ஜம்மு முகாம்
29 டிசம்பர் 1996

அன்புள்ள தனமாயாவுக்கு,

பூர்ண அண்ணன் சொன்னது உண்மை. செப்டம்பரிலேயே வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். தசைன் விடுப்பை நானாகத்தான் விட்டுக்கொடுத்தேன். வந்திருந்தால் உன் முகத்தைப் பார்த்து மறைத்திருக்க முடியாது.

கீழ்ப் பேட்டை குமாரைப் போன வருஷம் சிலிகுரியில் பார்த்தேன். எனக்கு முன்னால் பட்டாளத்தில் சேர்ந்தவன், பட்டை இல்லாமல் வெளியே போனவன். ஒரு துணிக்கடை வாசலில் நின்று கார்க் கதவு திறந்துவிடுகிறான். என்னைப் பார்த்ததும் தொப்பியை இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். அப்படி ஒருவனாக உன் முன்னால் வந்து நிற்க எனக்கு மனமில்லை. இப்போது பின்வாங்கவும் வழியில்லை, சுபேதார் சாகிப் தன் வாயால் என் பெயரைச் சொன்னவர். இனி வேண்டாமென்றால் மிச்ச நாளெல்லாம் சமையற்கட்டில் போட்டு வறுத்துவிடுவார். இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கிறது தனமாயா.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவை அந்தக் கட்டிலில் பார்க்க எனக்குப் பயம். குண்டு வந்தபோதுகூட இந்த அளவுக்குப் பயந்ததில்லை.

பிப்ரவரி முதல் தேதி வகுப்பு தொடங்குகிறது. ஏழு வருஷம் பொறுத்துக்கொள். அதற்குள் நாயக்குக்கு மேலே ஏறிவிடுவேன், ஹவில்தார் பெண்டாட்டியாக இருப்பாய். தோலடி ஜோடியையே துர்காவிடம் கொடுத்து அனுப்பு.

உன்
ஹர்கமான்


பேடோங்
14 ஜனவரி 1997

ரஞ்சுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். குமாருக்காக அழுதேன், உங்களுக்காகவும். பிறகு கோபம் வந்தது. இன்னும் போகவில்லை, போகாமலே இதை எழுதுகிறேன்.

கதவு சாத்தியிருக்கிறது என்கிறீர்கள். அந்தப் பக்கம் நீங்களே உள்ளே போய்ச் சாத்திக்கொண்டது. இந்தப் பக்கம், நான் இருக்கும் பக்கத்துக் கதவை யார் சாத்தியது? ஹவில்தார் பெண்டாட்டி என்ற பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? எனக்கென்று நானே ஒரு பெயர் வாங்கப் போகிறேன், நர்ஸ் என்று.

பூர்ண அண்ணன் என்னை டார்ஜிலிங்கில் சிப்பாய்கள் நல அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். தகப்பன் படுத்த படுக்கை, வீட்டில் பார்க்க ஆளில்லை என்றால் சிப்பாய்க்கு வீட்டு விடுப்பு உண்டாம். அலுவலகத்தார் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். உங்கள் கர்னலுக்குக் காகிதம் போயிற்று. இந்தக் கடிதத்துக்கு முன்பே உங்களைக் கூப்பிட்டு விட்டிருப்பார்கள். வகுப்பு உங்களுக்கு இந்த வருஷம் போயிற்று, அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதிக் கொடுத்தேன். சுபேதார் சாகிப் திட்டினால் என் பெண்டாட்டி செய்த வேலை என்று சொல்லுங்கள்.

விடுப்பு முடிந்து திரும்பிப் போவதா, முடித்துக்கொண்டு வருவதா, அது உங்கள் இஷ்டம். போவதானால் அப்பாவுக்கு வேறு ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். நான் முப்பதாம் தேதி சிலிகுரி போகிறேன். நீங்கள் வந்து சேரும்வரை உங்கள் தங்கை நந்தகலி வந்து இருக்கிறாள். ரஞ்சுவிடம் சொல்லிவிட்டேன். அவள் என் பெட்டிக்குப் பூட்டுத் தேடிக் கொடுத்தாள்.

துர்காவிடம் எதையும் கொடுக்கவில்லை. ரப்பர் அடி ஜோடியை வாங்கி அப்பா கட்டிலின் கீழே வைத்திருக்கிறேன். மடித்துப் பார்த்தேன், கையை விட்டுத் தடவியும் பார்த்தேன். நல்ல தோல்.

ஏன் அது என்று கேட்பீர்கள். கழிப்பறைக்கு இறங்கும் கல்படி குளிர்காலம் முழுக்க ஈரம், பாசி. இரண்டு வருஷமாக அப்பாவை முதுகில் போட்டுக்கொண்டு நான்தான் இறங்குகிறேன். மாமனார் மருமகளைத் தொடாத வீடு நம்முடையது. அதனால் நான் தூக்கும் ஒவ்வொரு முறையும் அவர் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். திரும்பிக் கட்டிலில் விடும்வரை திறப்பதே இல்லை. நானும் பார்க்காதது மாதிரியே தூக்குகிறேன்.

நீங்கள் வந்து அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு அவரைத் தூக்குங்கள். ஒரு தடவையாவது அவர் கண்ணைத் திறந்துகொண்டு அந்தப் படி இறங்கட்டும்.

தனமாயா