நனைந்துபோன சம்பந்தம்

ஜூலை 3, வியாழன்

மகள் விரும்பும் பையனின் வீட்டாரை ஞாயிறன்று முதன்முறையாகச் சந்திக்கிறோம். ஹோட்டல் வேண்டாமாம். நடையாம். நகரத்தின் ஐந்து பூங்காக்களையும் நடுவிலுள்ள காட்டுப் பாதைகளையும் ஒரே மூச்சில் கடப்பதாம். பையனின் யோசனை.

“உக்காந்து பேசினா எல்லாரும் நடிப்போம் ஆன்ட்டி. நடந்தா உண்மை தானா வெளிய வரும்” என்றான் போனில்.

என் முழங்காலிலிருந்து என்ன உண்மை வெளியே வரும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. மகளுக்கு முப்பத்திரண்டு. என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேரிடம் கல்யாணச் சேதியைச் சொல்லியாகிவிட்டது.

ஜூலை 5, சனி

நாளை மழையாம். ‘மழையில்தான் காடு அழகு’ என்று பையன் செய்தி அனுப்பியிருக்கிறான். இவர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். போய்த்தான் ஆகவேண்டுமா என்கிற பார்வை. ஆமாம் என்று நானும் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் பேச்சுவார்த்தை இந்த மட்டில்தான்.

ஜூலை 6, ஞாயிறு

துணி இன்னும் காயவில்லை. மனசும்தான்.

முதல் பூங்கா முழுக்க ஒரே பவ்யம். பையன் ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் சொன்னான், மரங்கள் மறுக்கவில்லை. அவன் அம்மா வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. அளந்துதான் பேசினார். நானும் அளந்தேன்.

இரண்டாவது பூங்காவில் மழை பிடித்துக்கொண்டது. “இது மழை இல்ல ஆன்ட்டி, தூறல்” என்றான், மூக்கு நுனியில் நீர் சொட்டச் சொட்ட. காற்று என் குடையைப் புரட்டிப் போட்டது. காட்டுப் பாதையில் கணுக்கால் வரை சேறு. “திரும்பிடலாமா?” என்று மகள் கேட்டாள். மறுபடியும் கேட்டாள்.

“பாதியில விட்டா நடை பதிவாகாதே” என்றான் பையன்.

அங்கேதான் இவர் சறுக்கினார். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அடிபடவில்லை என்று இப்போது எழுத முடிகிறது. அந்த நேரத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. பக்கத்திலேயே நின்ற பையன் கையை நீட்டினான் — தன் வாட்ச்சை நோக்கி.

“ஒரு நிமிஷம் அங்கிள், இதை நிறுத்திக்கிறேன். இல்லன்னா சராசரி வேகம் கெட்டுடும்.”

அமுக்கினான். பீப் என்றது. பிறகுதான் குனிந்தான். அதற்குள் அவன் அம்மா இவரைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தியிருந்தார்.

மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கத்தினால் எனக்குப் பயமில்லை.

மழை வலுத்தது. இவரைக் கழுவிவிட மகள் குழாயடிக்குக் கூட்டிப்போனாள். பையன் போனில் வரைபடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நானும் அந்த அம்மாவும் ஒரு கூரையின் கீழ் ஒதுங்கினோம்.

கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: “என் பையன் கெட்டவன் இல்லைங்க. ஆனா எனக்கு ஆபரேஷன் நடந்தப்போ, ஆஸ்பத்திரி மாடிப்படியில ஏறி ஏறி இறங்கி அன்னைக்கு நடைக்கணக்கை முடிச்சான். டாக்டர் கூப்பிட்டப்போ ஆளைக் காணோம். உங்க பொண்ணை நல்லா யோசிச்சுக்கச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

எந்த அம்மாவாவது இப்படிச் சொல்வாளா? எனக்கு வந்தது கோபம்தான். ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேனே.

ஜூலை 7, திங்கள்

“நீ என்னம்மா நினைக்கிற?” என்று மகள் கேட்டாள். “நல்ல பையன்தான்” என்றேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 9, புதன்

முடியல. எவ்ளோ நேரம்தான் வாயை மூடிக்கிட்டு இருக்கிறது? எவளாவது கடைக்கு வந்து கேட்டா கேட்டுட்டுப் போறா!

காலையில் மகள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் வைத்துக் கொட்டிவிட்டேன். மாடிப்படி விஷயம் உட்பட. யார் சொன்னது என்பதை மட்டும் விழுங்கினேன். மாடிப்படிக் கதை வேறு யாருக்குத் தெரியும்? விழுங்கி என்ன பயன்.

ஒரு காலில் மட்டும் ஷூவோடு நின்றாள். “அப்பா சேத்துல உக்காந்திருந்தப்பவே முடிவு பண்ணிட்டேன்மா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் முழிச்சிட்டு இருந்தேன். நீதான் கடை பூரா சொல்லி வெச்சிருக்கியே.”

அப்புறம் அழுதாள். ஆசைப்பட்டவள்தானே. என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறாள் — பெற்றவளைப் பார்த்து. நானும் அழுதேன்.

இவர் செய்தித்தாளைக் கீழே இறக்கி, “என் இடுப்புக்கும் ஒரு மரியாதை இருக்கு” என்றார். அழுகையின் நடுவே மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜூலை 12, சனி

மகள் நேரில் போய்ச் சொல்லிவிட்டாள். மரியாதையாகக் கேட்டுக்கொண்டானாம். மாலையில் எங்கள் எல்லோருக்கும் அன்றைய நடையின் படத்தை அனுப்பியிருக்கிறான்: பாதை, தூரம், வேகம். அடியில் ஒரு வரி. ‘விழுந்த நேரம் சேர்க்கப்படவில்லை.’

ஆகஸ்ட் 17, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. பையனின் அம்மாவிடமிருந்து போன்; கல்யாணப் பேச்சு நின்றும் இது நிற்கவில்லை. “நல்லாப் பெய்யுதுங்க. வரீங்களா?”

போனோம். ஒரே ஒரு பூங்கா. நடப்பது கொஞ்சம், உட்காருவது மிச்சம். இவர் முன்னால் போய் மழைபடாத பெஞ்சாகப் பார்த்து இடம் பிடித்துவிடுகிறார். அந்த அம்மாவிடம் இவர் வாய் திறந்து பேசுகிறார், எனக்கே ஆச்சரியம்.

கடைக்கு வருகிற அம்மாள் ஒருத்தி எதிரே வந்தாள். “இவங்கதான் சம்பந்தியா?”

ஒன்றுவிட்ட சித்தப்பாவின் மச்சினிக்குக்கூட நம்மிடம் முறை உண்டு. இதற்கு என்ன சொல்ல?

அந்த அம்மாதான் குடையைச் சாய்த்துப் பதில் சொன்னார். “ஆகியிருந்தா இவ்ளோ பேசிட்டிருக்க மாட்டோங்க.”

அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். நாங்கள் மழை விட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.