வலி குறைந்துவிட்டது என்றார்

பிப்ரவரி 10, திங்கள்

சாயங்காலம் மருந்துக்கடையில் நல்ல கூட்டம். கடை முதலாளி ராஜதுரை அண்ணாச்சி சரக்கு எடுக்கப் போய்விட்டதால் நான் ஒருத்தியாகவே பார்த்தேன். கடலில் சங்கு குளிக்கப் போகும் பாஸ்கல் அண்ணன் மூன்றாவது நாளாகப் பல்வலி மாத்திரைக்கு வந்தார். கன்னத்து வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கியிருந்தது. வாயைத் துண்டால் பொத்தியிருந்தார். “வலி கொறஞ்சிட்டு தங்கச்சி. எச்சிதான் முழுங்க முடியல” என்றார், வாய்க்குள் எதையோ அடக்கிவைத்த மாதிரி. “நாளைக்காவது பல் டாக்டர்ட்ட போங்கண்ணே” என்று சொல்லி மாத்திரையைக் கொடுத்தேன். அடுத்த ஆள் சீட்டை நீட்டினான்.

பிப்ரவரி 12, புதன்

பாஸ்கல் அண்ணன் இறந்துவிட்டார். நேற்று விடியற்காலம் மூச்சு முட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ராத்திரி முடிந்துவிட்டது. “பல்லு வலில எவனாவது சாவானா ளா?” என்று அண்ணாச்சி என்னிடம் கேட்டார். நான் மாத்திரைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

பிப்ரவரி 13

எச்சிதான் முழுங்க முடியல. எச்சிதான் முழுங்க முடியல. அவர் சொன்னாரே. என் முகத்தைப் பார்த்துத்தானே சொன்னார்?

பிப்ரவரி 16, ஞாயிறு

கோயிலில் பிரசங்கம் எதுவும் காதில் ஏறவில்லை. மத்தியானம் நாசரேத் ஊரிலிருக்கும் பெரியம்மா மகள் ஈவாஞ்சலின் அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா இருபது வருஷமாக நர்ஸ். பேர் சொல்லாமல் கேட்டேன்.

“கடவாய்ப்பல்லுச் சீழ் கழுத்துக்கு எறங்கிரும் ளா. நாக்க மேல தள்ளி மூச்ச அடச்சிரும். தாடைக்குக் கீழ வீங்குனா, வாய் தெறக்க முடியலன்னா, எச்சி முழுங்க முடியலன்னா, பேச்சு கொழறுனா, நாளைக்கிங்கிற பேச்சே கெடையாது. பல் டாக்டரத் தேடிட்டு இருக்கவும் கூடாது. நேரா பெரிய ஆஸ்பத்திரி.”

“வலி கொறஞ்சிட்டுன்னாரே?”

“பல்லு நரம்பு செத்தா வலி நின்னுரும். சீழ் நிக்காது.” பிறகு “யாருளா அது?” என்றாள்.

போனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

பாஸ்கல் அண்ணன் மனைவி ஜெயபாய் அக்கா கடைக்கு வந்தார். மருந்து வாங்க அல்ல.

“ஆஸ்பத்திரில தொண்டைல கொழாய் போட்டுட்டாங்க, ஒரு வார்த்த பேசல. வீட்டுலயும் அன்னைக்கி வாயப் பொத்திக்கிட்டு சைகைதான். ஒங்ககிட்ட என்னமோ பேசுனாருன்னு பக்கத்துக் கடைல சொன்னாங்க. என்ன சொன்னாரு தங்கச்சி?”

“வலி கொறஞ்சிட்டுன்னு சொன்னாருக்கா.”

அந்த முகம் தெளிந்ததைப் பார்த்தேன். “அப்ப ரொம்ப வேதனப்படல” என்றார். என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

பாதியைத்தான் சொன்னேன். மற்றப் பாதி எனக்குள்ளேயே கிடக்கிறது.

பிப்ரவரி 27

துண்டால் வாயைப் பொத்தி யார் கடைப்பக்கம் வந்தாலும் பாஸ்கல் அண்ணன் மாதிரியே தெரிகிறது. இன்று ஒரு ஆள் வெறுமனே வேர்வை துடைத்தான். என் கையிலிருந்த மருந்து பாட்டில் கீழே விழுந்து உடைந்தது.

மார்ச் 4, செவ்வாய்

உப்பளத்தில் வேலை செய்யும் தேவகனி அக்கா வந்தாள். பல்வலி மாத்திரை வேண்டுமாம். பேச்சு குழறியது. தாடைக்கடியில் தொட்டுப் பார்த்தேன், பலகை மாதிரி இருந்தது, கொதித்தது.

“வாயத் தெறங்கக்கா.”

ஒரு விரல்கூட நுழையவில்லை.

“மாத்திர தர மாட்டேன். ஆட்டோல ஏறுங்க.”

“ஏளா, கடைய விட்டுட்டு எங்க போற?” அண்ணாச்சி கத்தினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. “நாளைக்கிப் போறேன், நாளைக்கி” என்று வழியெல்லாம் அவள் சைகை காட்டினாள். கையை விடவே இல்லை நான்.

அவசரப் பிரிவில் பார்த்த உடனேயே உள்ளே கொண்டுபோனார்கள். கழுத்தைக் கீறிச் சீழை எடுத்தார்களாம். பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள். எனக்கு அழத்தான் வந்தது. அன்றைக்கும் இதே ஆட்டோக்கள் கடை முன்னாடிதானே நின்றன?

மார்ச் 9, ஞாயிறு

ஜெயபாய் அக்கா வீட்டுக்குப் போனேன். சுவரில் பாஸ்கல் அண்ணன் படம். அதைப் பார்க்காமல், மிச்சத்தைச் சொன்னேன். எச்சில் விழுங்க முடியவில்லை என்று சொன்னார், எனக்குப் புரியவில்லை, நாளைக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார்.

“அன்னைக்கி ராத்திரி கழுத்தத் தொட்டுத் தொட்டுக் காட்டுனாரு” என்றார். “விடியட்டும், காலைல போவம்னு நானும் சொன்னேன். இன்னை வரைக்கும் யார்ட்டயும் சொல்லல.”

எனக்குப் பாய் விரித்துப்போட்டார். நான் உட்கார்ந்தேன்.