அறைக்கு ஒரே ஸ்ப்ரே

கார்த்திகை, புதன் இரவு.

மூக்கு திறக்கவில்லை. மாதக்கணக்கில் நான் அடித்துவந்த ஸ்ப்ரேதான் இப்போது அடைப்பையே உண்டாக்குகிறதாம். அதை நிறுத்தச் சொல்லி டாக்டர் இன்று வேறொன்று தந்தார். பலன் தெரியச் சில நாள் ஆகும்.

அறைத்தோழன் பாண்டி பழையதை நீட்டினான். சோப்பு மாதிரி, அறைக்கே அது ஒன்றுதான்; இருவரும் அதைத்தான் அடிப்போம்.

"ஒரு அடி அடிச்சிட்டுத் தூங்கு மாப்ள. எம்புட்டு நேரம் வாயப் பொளந்துக்கிட்டு கிடப்ப?"

"வேணாம்டா. ஒருத்தன் மூக்குல வச்சத இன்னொருத்தன் வைக்கக் கூடாது."

"அப்ப என் சட்டையக் கழட்டு."

டாக்டர் சொன்னபடி தலை குனிந்து, மூக்கில் வைத்த நுனியைக் காதுப் பக்கம் சாய்த்து, புதியதை அடித்தேன். வழக்கம்போல் உறிஞ்சி இழுக்கவில்லை. உடனே எதுவும் மாறவில்லை. பழைய பாட்டிலைக் குப்பைக்கூடையில் போட்டேன்.

விளக்கை அணைக்கப் போகிறேன். மூச்சுக்கு வாய் இருக்கிறது.