முடிவு செய்த ஓட்டு

மில்பிடாஸ், அமெரிக்கா,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உங்கள் கால் வீக்கம் குறைந்ததா? வாப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

என்னை நிலத்தடி நீர்க் குழுவுக்குத் தலைவராக்கினார்கள் அல்லவா? விவசாயிகள் கிணற்றிலிருந்து எடுக்கும் தண்ணீரைக் குறைக்கலாமா என்று நேற்று ஓட்டெடுப்பு. நாலுக்கு நாலு. முடிவு என் ஓட்டில் வந்து நின்றது. இப்படியே போனால் பத்து வருஷத்தில் கிணறுகள் வற்றும் என்பது என் ஆய்வின் முடிவு. குறைக்கத்தான் வேண்டும் என்றேன். நிறைவேறிவிட்டது. பாதாம் தோப்புக்காரர் ஒருவர் அங்கேயே அழுதுவிட்டார்.

குழுச் செயலாளர் ஜெரிஷ், நாகர்கோவில்காரர், "போஸ்ட்போன் பண்ணியிருக்கலாமே மேடம், இனி எல்லாரும் உங்களத்தான் பிளேம் பண்ணுவாங்க" என்றார்.

"தள்ளிப்போட்டா தண்ணி ஊறிடுமா ஜெரிஷ்?" என்று சிரித்து வைத்தேன்.

இன்று மதியம் ஆபீஸில் என் மேசைக்கு யாரும் சாப்பிட வரவில்லை. பெரிதாக ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள்.

ஒரே ஒரு உதவி. வாட்ஸ்அப்பில் எழுதாமல் பேசி அனுப்புங்கள். என்ன சமையல், யார் வந்தார்கள், எதுவானாலும் சரி. ஃப்ரீவேயில் கார் ஓட்டும்போது கேட்டுக்கொண்டே போவேன். இங்கே என் பேரை யாருக்கும் சரியாகச் சொல்ல வருவதில்லை. நீங்கள் பேரைச் சொல்லியே தொடங்குங்கள்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். துஆ செய்யுங்கள்.

உங்கள் மகள்,
மஹ்ஜபீன்