பத்தாவது வட்டம்

எஸ்தான்சியா, இலோய்லோ
நவம்பர் 9, சனிக்கிழமை

அன்பு மகள் ரோவேனாவுக்கு,

மாதா தயவில் நானும் உன் அம்மாவும் பத்திரமாகக் கரை ஏறி வீடு வந்து சேர்ந்துவிட்டோம், நீ இப்போது எந்தக் கடலில் இருக்கிறாயோ அங்கே காற்றும் அலையும் உன்னிடம் தயவாக நடந்துகொள்ளட்டும். எப்போதும் போல நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுகிறாள், நடுவில் தன் பேச்சையும் நுழைத்துவிடுவாள், எது யார் பேச்சு என்று உனக்கே தெரியும். வீட்டில் எல்லாம் சரி. நாங்கள் இல்லாத பத்து நாளும் பக்கத்து வீட்டு லிகாயாதான் கோழிகளைப் பார்த்துக்கொண்டாள், முட்டை குறைகிறது என்று உன் அம்மா முணுமுணுக்கிறாள், நான் போய்க் கேட்கப் போவதில்லை. என் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீயும் தொலைபேசியில் நான்கு தடவை கேட்டுவிட்டாய், "கப்பல் எப்படிப்பா இருந்துச்சு, சாப்பாடு எப்படி, நல்லா கவனிச்சாங்களா" என்று. நல்லா இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதற்குமேல் பேசியிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். மகளே, அந்தக் கப்பலில் நான் ஒரு தப்பு செய்துவிட்டு வந்திருக்கிறேன், அதனால் ஒரு பெண்ணின் வேலை போகப் போகிறது, அதைச் சரிசெய்ய எனக்கு வழி தெரியவில்லை, உனக்குத் தெரியுமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில் இருந்து சொல்கிறேன். நீ எடுத்துக் கொடுத்த சீட்டில், போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மதியம் சிங்கப்பூரில் அந்த உல்லாசக் கப்பலில் ஏறினோம். முப்பத்தொரு வருஷம் எஸ்பெரான்சா படகில் சுக்கான் பிடித்தவன், ஒரு கப்பலில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்து போவது இதுதான் முதல் தடவை, முதல் நாள் முழுக்கக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. சாப்பாட்டுக் கூடம் நம் ஊர் மீன் சந்தையைவிடப் பெரியது. ஆனால் கவனித்துப் பார்த்தால், திங்கட்கிழமை எலுமிச்சை பிழிந்து வந்த மீன் செவ்வாய்க்கிழமை வெள்ளைக் குழம்பில் வந்தது, புதன்கிழமை சூப்பில் மிதந்தது, தலை இல்லாமலே நான் அதை அடையாளம் கண்டுகொண்டேன். எங்கள் மேசையைக் கவனித்த பையன் நம் நாட்டுப் பொஹோல் தீவுக்காரன், நார்சிசோ என்று பெயர், அவனிடம் சொன்னேன். "மெதுவா பேசுங்கப்பா, அது காதுல விழுந்தா வெக்கப்பட்டு நாளைக்கு வராது" என்றான். கப்பலும் பார்வைக்குப் பளபளப்புதான், கண்ணாடி லிஃப்ட், படிக்குப் படி விளக்கு. ஆனால் வெளித்தளத்துக் கம்பிகளில் துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே வெள்ளை வர்ணம் அடித்திருக்கிறார்கள், விரலால் அழுத்தினால் பொரித்த மீன் தோல் மாதிரி உடைகிறது. இடது பக்க இயந்திரத்தின் அதிர்வும் சரியில்லை, காலில் தெரிந்தது. "நீ ஒருத்தன்தான் கப்பல்ல ஏறி கப்பலுக்கு வைத்தியம் பாக்குற" என்று உன் அம்மா என்னைக் கேலி செய்தாள், மறுநாளே அவள் வாய் அடங்கிவிட்டது, ஏனென்றால் எங்கள் அறையின் கூரையில் குளிர்காற்று வருகிற ஓட்டையில் இருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது, அதுவும் சரியாக அவள் தலையணையின் மேல்.

அந்த அறையைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் பெயர் ஜொனாலின். நமக்குப் பக்கத்து மாகாணம், காபிஸ்காரி, நம் பேச்சுதான் பேசுகிறாள். வந்த முதல் நாளே எங்களை அப்பா, அம்மா என்றுதான் கூப்பிட்டாள், அந்த வார்த்தையிலேயே உன் அம்மா விழுந்துவிட்டாள். சொட்டுகிற தண்ணீரைப் பார்த்து, "மழை ஊர்ல இருந்து வந்தவங்கன்னு கப்பலுக்குத் தெரிஞ்சுபோச்சு போலம்மா, வீட்டு ஏக்கம் வரக்கூடாதுன்னு மழையையும் குடுத்துடுச்சு" என்றாள். கட்டிலைத் தனியாளாக இழுத்துத் தள்ளிப் போட்டாள், கீழே வாளி வைத்தாள், சொட்டுச் சத்தம் உன் அம்மாவின் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்று வாளிக்குள் துண்டை மடித்து வைத்தாள், அதை ஒரு நாளைக்கு ஆறு தடவை வந்து மாற்றினாள். ஆள் அனுப்பச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்தாளாம். "குழாய் வேலைக்கு ரெண்டு பேரு, ஒழுகுற அறை இருபது, உங்க முறை வர்றதுக்குள்ள நீங்க எஸ்தான்சியா போயிடுவீங்கப்பா" என்றாள். அப்படியேதான் ஆயிற்று, யாரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை கடல் கொஞ்சம் புரண்டது, உன் அம்மா எழுந்திருக்கவே இல்லை, அந்தப் பெரிய கூடத்துச் சாப்பாடு ஒன்றும் அவள் வயிற்றில் நிற்கவில்லை. ஜொனாலின் கீழே வேலைக்காரர்கள் சாப்பிடுகிற இடத்தில் இருந்து இஞ்சி போட்ட கோழிக் கஞ்சி ஒரு கோப்பை கொண்டுவந்தாள், சீருடைக்குள் மறைத்துக் கொண்டுவந்தாள், கழுத்துக்குக் கீழே சூடு பட்டுச் சிவந்திருந்தது. அவளுக்கு ஆறு வயதில் மகள் இருக்கிறாள், பாட்டியோடு இருக்கிறாள். வீடு கட்டுகிறாளாம், சுவர் ஜன்னல் உயரம் வந்திருக்கிறது, இன்னும் ஒரு ஒப்பந்தம் ஓடினால் கூரை போட்டுவிடலாம் என்று தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். வியாழக்கிழமை மதியம் கட்டிலின் மேல் ஒரு தாள் இருந்தது. உன் அம்மா தலைசுற்றிப் படுத்திருந்தாள், கண்ணாடியை எடுக்கவே மாட்டேன் என்றாள். தாளைப் பார்த்தேன், எழுத்தே அதிகம் இல்லை. ஒரு தட்டு, ஒரு கட்டில், ஒரு கப்பல், மூன்று படம், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பத்து வட்டம். வெளியே போய்க்கொண்டிருந்த ஒரு பயணியிடம் கேட்டேன், எவ்வளவு பிடித்ததோ அத்தனை வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும் என்று சைகை காட்டினார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குச் சொல்ல முடியாது ரோவேனா. எழுதப் படிக்கத் தெரியாதவன், எழுபத்து மூன்று வயதில், யாரையும் கெஞ்சாமல் நானே நிரப்பக்கூடிய ஒரு தாள் என் கைக்கு வந்திருக்கிறது. மேசையில் உட்கார்ந்து நிதானமாக யோசித்துப் போட்டேன். கப்பலுக்கு ஆறு, துருவுக்கும் ஒழுகலுக்கும். அந்த ஒழுகலை ஜொனாலின் தலையில் ஏற்றிவிடக் கூடாது என்று கவனமாகக் கப்பல் வரிசையிலேயே கழித்தேன். தட்டுக்கு எட்டு, அந்த மீனுக்காக. கட்டிலுக்கு, அதாவது ஜொனாலினுக்கு, ஒன்பது.

ஏன் ஒன்பது என்று உனக்குத் தெரியும். எஸ்பெரான்சாவின் வயிற்றில் வெள்ளைக் கோடு இருந்தது, அதுவரைக்கும் சுமை ஏற்றலாம் என்று துறைமுகத்தில் சட்டம், ஆனால் கப்பித்தான் பொலிகார்ப்பியோ கோட்டைத் தண்ணீர் தொட ஒருநாளும் விட்டதில்லை, ஒரு விரல் கீழேயே நிறுத்திவிடுவார். அலைக்கும் கடவுளுக்கும் அந்த ஒரு விரல் என்பார். அதனால் எங்கள் ஆட்களுக்குள் எது நன்றாக இருந்தாலும் ஒரு விரல் கீழே என்றுதான் சொல்வோம். கல்யாணச் சாப்பாடு நன்றாக இருந்தாலும் ஒரு விரல் கீழே, நீ பிறந்த அன்று உன்னைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பொலிகார்ப்பியோ சொன்னதும் அதுதான். கோடு நிரம்பினது என்றால் அது பேராசைக்காரனையும் மூழ்கப் போகிற படகையும் சொல்கிற வசவு. ஜொனாலினை நான் எப்படி அப்படிச் சொல்வேன். பத்தாவது வட்டத்தை வெள்ளையாகவே விட்டுவிட்டு, தாளைக் கொண்டுபோய்ப் பெட்டியில் நானே போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை, கப்பலில் கடைசி முழு நாள் அது, சாப்பாட்டுக் கூடத்தில் நார்சிசோவிடம் பெருமையாகச் சொன்னேன், என் கையால் நிரப்பினேன், உங்கள் ஜொனாலினுக்கு ஒன்பது போட்டேன் என்று. காபி ஊற்றிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். "ஒன்பதா? நிஜமாவா அப்பா?" என்றான். "அய்யோ அப்பா, இங்க பத்துன்னாதான் பாஸ், ஒன்பதும் ஒண்ணும் ஒண்ணுதான். அவளுக்கு இந்தத் தடவை ஏற்கனவே ரெண்டு ஒன்பது விழுந்திருக்கு. மூணாவது விழுந்தா அடுத்த ஒப்பந்தம் கிடையாது, ஊருக்கு அனுப்பிடுவான்." விளையாடுகிறான் என்று நினைத்தேன், மீனைப் பற்றிப் பேசின பையன்தானே. முகத்தைப் பார்த்தேன், விளையாட்டு இல்லை. உன் அம்மா இங்கே பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். "என்னை எழுப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா" என்று அவள் அன்றிலிருந்து எத்தனையாவது தடவை கேட்கிறாள் என்பதை நான் எண்ணி வைத்திருக்கிறேன், இது பதினான்காவது.

காபியை அப்படியே வைத்துவிட்டு வரவேற்பு மேசைக்குப் போனேன். அங்கே இருந்ததும் நம் பெண்தான், தாவாவோ பக்கம். தாளைத் திருப்பிக் கொடு, ஒரு வட்டம் பாக்கி இருக்கிறது என்றேன். சிரித்த முகம் மாறாமல் சொன்னாள், "நேத்தே கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு மாமா, இப்ப அது கப்பல்லயே இல்ல, கம்பெனிக்குப் போயிடுச்சு." நாங்கள் நடுக்கடலில் நிற்கிறோம், என் தாள் எனக்கு முன்னால் கரை ஏறிவிட்டது. எங்கள் படகில் ஒரு விரல் கீழே என்றால் என்ன என்று அவளுக்குச் சொன்னேன், பொலிகார்ப்பியோவைப் பற்றிச் சொன்னேன், பின்னால் வரிசையில் நின்றவர்கள் செருமினார்கள். அந்தப் பெண் பாவம், கேட்டுவிட்டுச் சொன்னாள், "எனக்குப் புரியுது மாமா, ஆனா புரியறதை எழுதறதுக்கு அதுல இடமில்ல." பெரிய அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றேன். அரை மணி நேரம் நின்ற பிறகு ஒரு வெள்ளைச் சட்டை வந்தது, இந்தப் பெண் நான் சொன்னதை அவருக்கு மாற்றிச் சொன்னாள், அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னார், கையில் இன்னொரு தாளைக் கொடுத்தார். தட்டு, கட்டில், கப்பல் மூன்றுக்கும் சேர்த்து முப்பது வட்டத்தையும் நிரப்பினேன், பேனா தாளைக் கிழித்துவிட்டது. பெட்டியில் போட்டுவிட்டு வந்து நார்சிசோவிடம் சொன்னால், "அறைக்கு ஒரு தாள்தான் அப்பா, ரெண்டாவதைக் கிழிச்சுடுவாங்க" என்று குனிந்துகொண்டே சொன்னான்.

அப்புறம் ஜொனாலினைத் தேடிப் போனேன். துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள், விஷயம் அவளுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்னே சிரித்தாள். "விடுங்கப்பா, நீங்க மனசார போட்ட ஒன்பது, அது எனக்குத் தெரியும். எப்படியும் எனக்கு முதுகு வலி, கொஞ்ச நாள் வீட்டுல கிடக்கலாம்ல, என் மகளுக்கும் யாரு அம்மான்னு ஒரு தடவை காட்டிட்டு வரலாம்" என்றாள். உள்ளே போய் வாளித் துண்டை மாற்றினாள், நாளைக்குத்தான் நாங்கள் போகப் போகிறோமே, இனி எதற்கு என்றேன். "சொட்டறது இன்னும் நிக்கலையேப்பா" என்றாள். மறுநாள் சனிக்கிழமை காலை எங்கள் பெட்டியை லிஃப்ட் வரை தூக்கி வந்தாள், உன் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள், அவள்தான் உன் அம்மாவைத் தேற்றினாள். நான் நின்றுகொண்டிருந்தேன். படகு கவிழ்ந்தபோது ஆட்களைத் தண்ணீரில் இருந்து இழுத்துப் போட்டிருக்கிறேன், ஒரு வட்டத்தைக் கறுப்பாக்க எனக்கு வழியில்லை.

ரோவேனா, அந்தச் சிரிப்பை நான் முன்பே கேட்டிருக்கிறேன், அதுதான் இந்த ஒரு வாரமாக என்னைத் தூங்கவிடவில்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால், ஜொனாலின் மாதிரி நீயும் கப்பலில் அறை வேலை பார்த்தபோது, ஒப்பந்தம் முடியும் முன்னே ஏழாவது மாதத்தில் நீ திடீரென்று வீட்டுக்கு வந்து நின்றாய். பிப்ரவரி, வெள்ளிக்கிழமை, நீல நிறப் பையில் ஒரு கைப்பிடி அறுந்திருந்தது. கப்பலைப் பழுது பார்க்கப் போட்டிருக்கிறார்கள் என்றாய். எந்தத் துறையில் என்று கேட்டேன், தெரியாது என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். தன் கப்பல் எந்தத் துறையில் கிடக்கிறது என்று தெரியாத கப்பல்காரியை நான் பார்த்ததே இல்லை, அது எனக்கு அப்போதே தெரிந்தது, இருந்தும் கேட்காமல் விட்டுவிட்டேன், நீ சிரித்தது எனக்கு வசதியாக இருந்தது. மூன்று மாதம் கழித்து வேறு கம்பெனியில் சலவை அறைக்குப் போனாய். அறை வேலையில் நாள் முழுக்கச் சிரித்துச் சிரித்துக் கன்னம் வலிக்கிறது, சலவை இயந்திரம் என்னைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லாது என்றாய், நாங்களும் சிரித்தோம். சலவை அறைக்குள் பயணி வருவதில்லை, வட்டம் போடுகிற தாளும் வருவதில்லை என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. உனக்கு ஒன்பது போட்டது யார் மகளே? கெட்டவனாக இருந்தால்கூட எனக்கு நிம்மதி, திட்டிவிட்டுப் படுத்துக்கொள்வேன். என்னைப் போல ஒரு கிழவன், உன்னை மிகவும் பிடித்துப்போய்ப் போட்டிருந்தால் நான் யாரைத் திட்டுவது.

அந்தக் கப்பலில் உனக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார். ஜொனாலின் வில்யாருயெல், ஆறாவது தளம், எங்கள் அறை எண் 6218. அவள் இன்னும் கப்பலில் இருக்கிறாளா, இறக்கிவிட்டார்களா என்றாவது கேட்டுச் சொல். நான் சொல்வதை எழுதிக்கொள்கிற யாராவது உங்கள் கம்பெனிகளில் இருந்தால், இந்த வயதிலும் எந்த ஊருக்கும் வந்து சொல்லத் தயார். அப்படி யாரும் இல்லை என்றாலும் அதையே எழுது, பொய்யாக ஒன்றும் சொல்லாதே. காபிஸில் அவள் வீடு எந்த ஊர் என்று கேட்டு வாங்கிக்கொள்ளாமல் வந்தது என் இரண்டாவது தப்பு, இத்தனை ஞாபகம் வைத்திருக்கிறவன் அதைக் கேட்க மறந்தேன்.

இனி தொலைபேசியில் எங்களுக்காகச் சிரிக்காதே, நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்று சொல். உன் அம்மா சொல்கிறாள், "அவ சிரிப்பையும் பிடுங்கிட்டா அங்க அவகிட்ட வேற என்னதான் இருக்கு" என்று. அவள் சொல்வதும் சரிதான், எனக்குத் தெரியவில்லை, நீயே பார்த்துக்கொள். சலவை மருந்து கைத்தோலை அரிக்கிறது என்றாயே, தேங்காய் எண்ணெய் தடவிக்கொள், கையுறை போடாமல் தண்ணீரில் கையை விடாதே. டிசம்பர் பதினாறாம் தேதி உன் சித்தி மகன் கல்யாணம், மறக்காமல் அன்று கூப்பிடு. மாதா உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், நீ போகிற கப்பலின் கூரை ஒழுகாமல் இருக்கட்டும்.

கையெழுத்து இடத்தில் எப்போதும் நான் போடுகிற சிலுவையை இந்தத் தடவை போடவில்லை. உன் அம்மாவைப் பத்து வட்டம் வரைந்து தரச் சொல்லி நானே நிரப்பியிருக்கிறேன். கடைசி வட்டம் கோணலாக இருக்கும். இதை எந்தக் கம்பெனியும் எண்ணப் போவதில்லை, நீயாவது எண்ணிக்கொள்.

உன் அப்பா
தியோடுலோ மக்பனுவா

● ● ● ● ● ● ● ● ● ●