பின்வீட்டுக்கு எட்டாத வைஃபை

ஜூன் 8, 2025, ஞாயிறு

இன்றும் சுகந்தி பாதியில் உறைந்து போனாள். வலது கை கன்னத்துப் பக்கம், வாய் லேசாகத் திறந்தபடி. நாலு நிமிடம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதுவும் போயிற்று.

மற்றவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் வரும். எங்களுக்குப் படம் நின்றால் பேச்சே நின்றுவிடும். ஏழு வயதில் வந்த காய்ச்சலில் எனக்குக் காது போனது. அவளுக்குப் பிறவியிலிருந்தே கேட்காது. பாளையங்கோட்டை காதுகேளாதோர் பள்ளி விடுதியில் பத்து வருடம் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். கையால் பேச எனக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். இப்போது அவள் திருப்பூரில், நான் இலஞ்சியில். எழுதி அனுப்பினால் அவள் புருஷன் தாணு ஒன்று விடாமல் படித்துவிடுகிறானாம். கைப்பேச்சு அவனுக்குப் புரியாது. அதனால் வீடியோ மட்டும்தான்.

ஜூன் 9

இந்தப் பெரிய வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகள், மூன்று அடுப்பு. வாசல் பக்கம் பெரியத்தான் குமரகுரு. நடுவில் சின்னத்தான் தில்லைநாயகம். பின்னால் நானும் இவரும். வைஃபை பெரியத்தானின் முன்னறையில் இருக்கிறது. எங்கள் அறைக்கு ஒரு கோடு வரும், போகும். போன் டேட்டாவை நம்பலாம் என்றால் சாரல் தொடங்கிவிட்டது. ஐந்தருவிக்கு வரும் கூட்டம் மொத்தமும் டவரைப் பிடித்துக்கொள்கிறது.

“இங்கன வந்து பேசும்மா, யாரு வேண்டாங்கா?” என்கிறார் பெரியத்தான். நல்ல மனுஷர்தான். ஆனால் முன்னறையில் நான் பேசக் கையைத் தூக்கியதும் அவர் மனைவி பேராச்சி அக்கா முருங்கைக்கீரை உருவுவதை நிறுத்திவிடுகிறாள். என் கையைப் பார்க்கிறாள், போனை எட்டிப் பார்க்கிறாள். “என்னத்தட்டி பேசுதீங்க ரெண்டு பேரும்?”

உதட்டைப் படிக்கத் தெரிந்திருப்பதும் சில நேரம் இம்சைதான்.

ஜூன் 12

தென்காசியிலிருந்து நெட்காரர் கிதிர் முகம்மது வந்தார். போனைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். எனக்குப் புரியும்படி முகத்தைத் திருப்பி நிதானமாகச் சொன்னார்: “ரெண்டடிச் செவரு அக்கா. சிக்னல் தாண்டாது. ஒங்களுக்குத் தனி லைன் தரலாம்னா தெருப் பெட்டில எடம் இல்ல. நடு வீட்டுல சிக்னல வாங்கிப் பின்னால தள்ளிவிட ஒரு ரிப்பீட்டர் வைங்க, போதும்.”

நடு வீடு. பெரியத்தானும் சின்னத்தானும் பேசி இரண்டு வருடம் ஆகிறது.

ஜூன் 13

இவர் போய்க் கேட்டார். நானும் பின்னாலேயே நின்றேன். “அவன் நெட்டுக்கு என் வீட்டு கரண்டா?” என்றார் சின்னத்தான். அவ்வளவுதான். இவர் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். காதும் வாயும் இருக்கிறவர்தானே?

ஜூன் 15, ஞாயிறு

கூப்பிட்டாள். ஆறு விநாடி.

ஜூன் 19

வெளிச்சுவரோடு ஒயர் இழுத்துக் கொடுத்தார் கிதிர் முகம்மது. ரிப்பீட்டரை எங்கள் அறையிலேயே மாட்டினார். ஐந்து கோடுகளும் வந்தன! சுகந்தி எடுக்கவில்லை. தாணு வீட்டில் இருப்பானாக இருக்கும். நாளை பார்க்கலாம்.

ஜூன் 21

குரங்குகள். ஒயரைக் கடித்து, இழுத்து, தென்னை மரத்தில் தொங்கவிட்டிருக்கின்றன. மழை விட்டால்தான் வர முடியும் என்கிறார் கிதிர் முகம்மது. மழை விடுவதாக இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

முன்னறையில்தான் பேசினேன். வேறு வழி?

சுகந்தியின் கை அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. அடிக்கிறான். போன மாதத்திலிருந்து. அம்மாவிடம் சொன்னால் பொறுத்துப் போ என்கிறாள். அப்புறம் ‘வா’ என்பதற்குக் கையைத் தூக்கினாள். அதில் படம் நின்றுவிட்டது.

எங்கள் விடுதிப் பேச்சில் கை வெளியே போனால் ‘நான் வரட்டுமா’. தன் பக்கம் வந்தால் ‘நீ வா’. நின்ற படத்தில் கை நடுவில் இருக்கிறது. எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது? எந்தப் பக்கம்டீ சுகந்தி?

அழுதுவிட்டேன். அக்கா வந்து தோளைத் தொட்டாள். தலைவலி என்றேன்.

இவரிடம் சொன்னதற்கு, “அடுத்தவன் குடும்பத்துல நாம போயி என்னன்னு கேக்க?” என்கிறார்.

ஜூன் 24

எடுக்கவில்லை. நேற்றும் எடுக்கவில்லை.

ஜூன் 26

பேராச்சி அக்கா பின்வீட்டுக்கு வந்தாள். வராதவள். கதவைச் சாத்திவிட்டு என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

“அந்தப் பிள்ளைய அவன் அடிக்கான், அப்படித்தான?”

இவளுக்கு எப்படித் தெரியும்?

“கழுத்துல காயம் இருந்துச்சுல்லா. முன்னயும் ஒருநாள் பாத்தேன், முந்தானைய இழுத்து இழுத்து மூடுதா. நான் என்ன சும்மாவா எட்டி எட்டிப் பாத்தேன்?”

நான் பார்க்கவில்லை. சுகந்தியின் கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அக்கா பொறுமையாகக் கேட்டாள். பிறகு எழுந்து நேராகச் சின்னத்தான் வீட்டுக்குள் போனாள். என்ன பேசினாளோ. சின்னத்தானே வந்து, ரிப்பீட்டரை மாட்டிக்கொள்ளச் சொல்லித் தன் வீட்டுப் பிளக்பாயிண்டைக் காட்டினார்.

ஜூன் 28

படம் கண்ணாடி மாதிரி இருந்தது. எடுத்தது தாணு.

அவன் உதடு முழுசாகத் தெரிந்தது. “அவளுக்கு இனி போனு கெடையாது. கூப்பிடாத.” பின்னால் கட்டிலில் சுகந்தி. வலது கையில் துணி சுற்றியிருந்தது. கையில். அய்யோ, கையிலா அடித்தான்? அவள் எதையும் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. அக்காவையும் இவரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

அக்கா இவரைப் பார்த்துச் சொன்னாள்: “ஏலே கோமதிசங்கரு, டிக்கெட்டப் போடு. நீ வராட்டா நாங்க ரெண்டு பேரும் போறோம்.”

போட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

ஒரு வாரமாக எழுதவில்லை.

திருப்பூரில் தாணு கதவை அரைவாசிதான் திறந்தான். அக்கா நடையில் நின்று கத்தினாள். என்ன கத்தினாள் என்று எனக்குத் தெரியாது. எதிர்வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன, அது தெரிந்தது. அத்தனை பேர் பார்க்க அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இவர் உள்ளே போய் சுகந்தியை அழைத்து, அவள் பையையும் எடுத்துக்கொண்டு வந்தார். அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷன் போய் எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினோம்.

படம் நின்ற அன்றைக்கு என்ன கேட்டாய் என்று சுகந்தியிடம் கேட்டேன். ஞாபகம் இல்லை என்று தலையாட்டினாள்.

தென்காசி டாக்டர் அவள் வலது கையில் இரண்டு விரல்களைக் காட்டி, எலும்பு சேர்ந்துவிடும், ஆனால் பழையபடி மடங்குமா என்பது சந்தேகம் என்றார். இவர் எனக்குச் சொல்லத் தயங்கினார். டாக்டரின் உதட்டை நான் ஏற்கெனவே படித்துவிட்டேன்.

இன்று காலை சுகந்தி அடுப்படி வாசலில் நின்று ஏதோ சொல்ல வந்தாள். விரல் வரவில்லை. இடது கையால் முதலிலிருந்து தொடங்கினாள். நீளமான விஷயம் போலிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் போய் உட்கார்ந்தேன்.