மணிக்கொரு படம்

என் சுமதிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு வரவில்லை. அதனால் நேரே வீட்டுச் செய்திக்கு வருகிறேன். சமையலறையில் இருக்கும் உன் குட்டித் திரை சில வாரமாகப் படம் காட்டாமல் கிடந்தது. இப்போது காட்டுகிறது. நடுவில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? நம் மகள் மித்ராவிடம் பாதி சொன்னேன். அதற்கே அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

இதை மற்றவர்களும் படிப்பார்கள். அந்தத் திரை என்னவென்று அவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், நீ கொஞ்சம் பொறுத்துக்கொள். உனக்குப் படம் எடுக்கும் கிறுக்கு. பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷன் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கண்ணில் பட்டதையெல்லாம் போனில் பிடிப்பாய். போவன்பள்ளி மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் மூட்டைமேல் தூங்கும் பூனை, யாரோ மறந்துவிட்டுப் போன ஒற்றைச் செருப்பு, ஆட்டோவின் முதுகில் தொங்கும் எலுமிச்சை மிளகாய். ஒரு வார்த்தைகூட எழுதாமல் அதை எனக்கு அனுப்பிவிடுவாய். சனத்நகரில் எடை மெஷினுக்கு சர்க்யூட் போர்டு டிசைன் செய்துகொண்டிருப்பவனுக்கு, மீட்டிங் நடுவில் பூனை வரும்.

போன் நிரம்பி வழிந்தபோது, கொஞ்சம் அழித்துவிடலாமே என்றேன். "அழிக்கிறதா? நக்கோ" என்றாய். மூன்று தலைமுறையாக சிகந்திராபாத்தில் ஊறிய தமிழ் உன்னுடையது. வேண்டாம் என்பதற்கு நக்கோ என்று சொல்வது என் கரூர்க் காதுக்குப் பழகவே பல வருஷம் ஆனது. அழிக்க மாட்டாள், வேறு வழி பார்க்க வேண்டியதுதான் என்று ஒரு சின்ன போர்டு வாங்கினேன். முன்னால் திரை, பின்னால் மைக்ரோகன்ட்ரோலர், மேல் ஓரத்தில் நகம் அளவு மெமரி கார்டு சொருகும் இடம். உன் படங்களையெல்லாம் கார்டில் ஏற்றி, மணிக்கு ஒன்றாக, தனக்குத் தோன்றியதை எடுத்துக் காட்டும்படி புரோகிராம் எழுதி, மிக்ஸிக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தேன். அதன்பிறகு புதுப் படங்களை நீயே கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டு ஏற்றக் கற்றுக்கொண்டாய். அவ்வளவுதான் கதை.

நீ போனபின் அந்தத் திரை எனக்கு என்னவாக ஆயிற்று என்று உனக்குத் தெரியாது. இந்த வீட்டில் நான் வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறது. டம்ளர் கவிழ்த்த இடத்திலேயே கவிழ்ந்திருக்கிறது. என்னைத் தவிர எதுவும் எதையும் செய்வதில்லை. அந்தத் திரை மட்டும் என்னைக் கேட்காமல் ஏதோ ஒன்றைக் காட்டும். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. அது எனக்கு நீ அனுப்புகிற மாதிரியே இருந்தது. ஆபீஸ் விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அங்கேதான் போவேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை போய்ப் பார்த்தால் கறுப்புத் திரை. நடுவில் வெள்ளை எழுத்தில் 'கார்டு மவுன்ட் ஃபெயில்ட்'. அந்த வரியை எழுதியவனே நான்தான். கார்டைப் படிக்க முடியாவிட்டால் இப்படிச் சொல் என்று புரோகிராமில் போட்டிருந்தேன். என்றைக்காவது எனக்கே சொல்லும் என்று நினைக்கவில்லை.

சார்ஜரை மாற்றினேன். ஒயரை மாற்றினேன். கார்டைக் கழற்றி, ஊதி, திரும்பச் சொருகினேன். போர்டு கார்டோடு பேசும் வேகத்தைக் குறைத்தேன், பிறகு இன்னும் குறைத்தேன். சிப்பின் எந்தக் கால் எதனோடு சேர வேண்டும் என்று முதலிலிருந்து சரிபார்த்தேன். இத்தனை நாள் ஓடியது தானாகக் கால் மாறாது என்று தெரிந்தும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே வரி.

ஆபீஸில் என் பக்கத்து சீட் யாதகிரியிடம் சொன்னேன். "சார், ஆ கார்டு லேப்டாப்லோ பெட்டி சூடண்டி. ஒக்க நிமிஷம் பனி" என்றார். லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் ஒரு நிமிஷ வேலைதான். கார்டு கெட்டதா, போர்டு கெட்டதா என்று உடனே தெரிந்துவிடும். எங்கள் தொழிலில் நேற்று சேர்ந்தவன்கூட முதலில் அதைத்தான் செய்வான்.

எனக்குக் கை வரவில்லை, சுமதி. லேப்டாப்பில் போட்டால் உன் படங்கள் அத்தனையும் வரிசை கட்டி நிற்கும். கீழே மொத்தம் இத்தனை என்று ஒரு எண் வரும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டால் நீ எனக்கு அனுப்ப இன்னும் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துபோகும். அதற்கப்புறம் அது வெறும் ஆல்பம். யாதகிரியிடம் இதை எப்படிச் சொல்வது? "சூஸ்தானு", பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன்.

மித்ரா புனேயிலிருந்து போன் செய்தபோது அவளிடமும் இதே பாட்டுதான். உன் மகளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் மூன்று மொழியில் வரும். "அப்பா, யூ ஆர் பீயிங் வியர்ட். ஏமைந்தி மீக்கு? கார்டு செத்துட்டா போட்டோஸ் எல்லாம் போயிடும், தெரியும்ல?" என்றாள். எனக்கு என்ன ஆச்சு என்ற கேள்வியை விட்டுவிட்டு, தெரியும் என்றேன். "அப்புறம்?" என்று அதட்டினாள். தீபாவளிக்கு வருவேன், அதற்குள் நீங்களே சரி செய்தால் சரி, இல்லையென்றால் நான் லேப்டாப்பில் போடுவேன் என்று கெடு வைத்துவிட்டாள். குரலும் மிரட்டலும் அப்படியே நீதான்.

அந்த நாட்களில் சமையலறைக்குப் போகவே பிடிக்கவில்லை. கீழ்க்கடையில் இட்லி வாங்கிவந்து ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மூன்றாவது மாடி அம்மா பதுக்கம்மா பண்டிகைக்குச் செய்த மலீதா லட்டு கொண்டுவந்து கொடுத்தார். "ஒக்கரே உன்னாரா?" என்று கேட்டார். தனியாகத்தான் இருக்கிறேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவுனு, ஆமாம் என்று சொல்லி லட்டை வாங்கிக்கொண்டேன்.

கார்டைத் திறக்காமல் குற்றவாளியைப் பிடிக்க ஒரு வழிதான் உண்டு. வேறு கார்டு போட்டுப் பார்ப்பது. கோட்டி கடைத்தெருவில் ஒரு புது கார்டு வாங்கினேன். அதுவும் ஃபெயில்ட். இப்போதைய பெரிய கார்டுகளில் தகவலை எழுதிவைக்கும் முறை இந்தச் சின்ன போர்டுக்குப் புரியாது, அதனால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியவில்லை. கடைசியில் யாதகிரியின் பழைய போனில் கிடந்த ஒரு சின்ன கார்டைக் கேட்டு வாங்கி, போர்டுக்குப் பிடித்த மாதிரி ஃபார்மட் செய்து சொருகினேன். அதுவும் ஏறவில்லை. நன்றாக ஓடும் என்று தெரிந்த கார்டும் ஏறவில்லை என்றால் உன் கார்டின்மேல் குற்றமில்லை, சொருகும் இடத்தில்தான் கோளாறு. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டேன். யாராவது பார்த்திருந்தால் ஆஸ்பத்திரியில் நல்ல ரிசல்ட் வந்த ஆள் என்று நினைத்திருப்பார்கள்.

லென்ஸ் வைத்து உள்ளே பார்த்தேன். மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. துருவா என்று பார்த்தேன். முகர்ந்தேன். சந்தனம்.

ஆமாம், நான்தான். நீ இருந்தபோது ஆயுத பூஜைக்கு வீட்டிலுள்ள அரிவாள்மணை, தையல் மெஷின், என் சால்டரிங் அயர்ன் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, மோதிர விரலால் ஒரு துளி தொட்டு ஓரத்தில் வைப்பாய். வைத்தது தெரியாது. இந்த வருஷம் நானே செய்தேன். உன் திரைக்குப் பூஜை குறைந்துவிடக் கூடாதே என்று பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை மேல் விளிம்பு முழுக்கப் பட்டையாகச் சாத்தி, குங்குமமும் வைத்து, அழகாக இருக்கிறது என்று நின்று பார்த்தேன். கார்டு நுழையும் வாய் அங்கேதான் இருக்கிறது. எடை மெஷினில் ஈரம் புகாமல் காக்கச் சம்பளம் வாங்குகிறவன், வீட்டு போர்டுக்கு அபிஷேகம் செய்திருக்கிறேன். நீ இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

ஸ்பிரிட் தொட்டு, மெல்லிய பிரஷ்ஷால் உள்ளிருக்கும் குட்டிக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். காயவிட்டுக் கார்டைச் சொருகினேன். திரை ஒரு தடவை சிமிட்டியது. மழையில் நனைந்த ஒரு போலீஸ் தடுப்பும் அதன்மேல் காயப்போட்ட யாருடையதோ ஒரு துண்டும் வந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. துண்டுக்கா அழுவார்கள்? அழுதேன்.

தீபாவளிக்கு மித்ரா வந்தாள். சரியாகிவிட்டதே, விடு என்றேன். அவள் விடுகிறவளா? பழைய கார்டு, அடுத்த தடவை நிஜமாகவே போகும், இன்னொன்றில் காப்பி எடுத்தே தீருவேன் என்றாள். "நீங்க பாக்க வேண்டாம்ப்பா. நான் பாத்துக்கறேன். நம்பர்கூட சொல்ல மாட்டேன்." நான் ஏன் பயந்தேன் என்று அவளிடம் சொல்லவே இல்லை. எப்படித்தான் கண்டுபிடித்தாளோ. கார்டைக் கொடுத்தேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஹாலில் உட்கார்ந்து பேப்பரை வெறித்தேன்.

வெளியே வந்தபோது அவள் முகம் சரியாக இல்லை. கார்டு போய்விட்டதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். "அப்பா, உங்க புரோகிராம் பெரிய படத்தை எல்லாம் ஸ்கிப் பண்ணுதா?"

ஆமாம். போர்டில் நினைவகம் கம்மி. ஓர் அளவுக்கு மேல் பெரிய படம் வந்தால் திணறி நின்றுவிடும் என்று, பெரிதாக இருந்தால் சத்தமில்லாமல் தாண்டிப் போ என்று எழுதியிருந்தேன். உன் பழைய போன் படங்களுக்கு அந்த அளவு போதுமாக இருந்தது. மித்ரா முதல் சம்பளத்தில் உனக்கு ஒரு போன் வாங்கித் தந்தாளே, அதன் படங்கள் எல்லாம் பெரியவை.

"அம்மா லாஸ்ட் இயர் ஃபுல்லா எடுத்திருக்காங்கப்பா. எல்லாம் இதுல இருக்கு. ஒண்ணுகூட உங்களுக்கு வந்திருக்காது."

கடைசி வருஷம் நீ படம் எடுப்பதை நிறுத்திவிட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன், சுமதி. எனக்கு ஒன்றும் வரவில்லை. உடம்பு அப்படி இருக்கும்போது எதற்கு மனசு வரும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நான் பக்கத்திலேயே இருந்தேன். பக்கத்தில் இருப்பவனுக்குப் படம் எதற்கு என்று அனுப்பாமல் விட்டிருக்கிறாய். வீட்டில் இல்லாமல் நான் ஆபீஸ் போன சனிக்கிழமைகளில் சமையலறை வரை நடந்துபோய்க் கார்டைக் கழற்றி நீயே ஏற்றி வைத்திருக்கிறாய். அப்போது நாலு எட்டு வைத்தாலே உனக்கு மூச்சு வாங்குமே. எப்படி நடந்தாய்?

மித்ரா எல்லாவற்றையும் சின்னதாக்கிப் புதுக் கார்டில் ஏற்றினாள். என்னைப் பார்க்க விடவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் ஊருக்குக் கிளம்பிப் போன மறுநாள், காப்பிக்குப் பால் வைத்துவிட்டுத் திரும்பினேன். திரை மாறியது.

மருந்துக் கடை வரிசை. கூட்டத்தில் ஒரு ஆள் முதுகைக் காட்டி நிற்கிறான். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கிறது. ஒரு கையில் சீட்டு, இன்னொரு கையில் உன் கைப்பை. நான்தான். நீ சுவரோரம் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு நின்ற நாள். நீ தூங்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. நான் கேஸை மூடிவிட்டுத் திரும்ப வந்து நின்றேன். அடுத்த மணி வரை அந்தப் படம் அங்கேயே இருந்தது, நானும் இருந்தேன்.

உன்னிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்னும் எத்தனை என்று நான் எண்ண மாட்டேன். அந்த வருஷத்தை நான் பயந்த கண்ணோடுதான் பார்த்தேன். நீ பார்த்தது வேறு. அது ஒவ்வொன்றாக வரட்டும், எது வந்தாலும் முகத்தைத் திருப்பாமல் நின்று பார்ப்பேன். நாளைக்குக் காலர் மடங்காமல் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறேன்.

உன் கைப்பையை இன்னும் வைத்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்